உன் கைக்குப் பின்னால் இருந்த படம்

தங்கச்சி,

நேற்று நம் இஷொய் ஊர்க் கடையில் அரைத்த இறைச்சி வாங்கப் போனேன். பிளாஸ்டிக் தாளுக்குள் இரத்தம் கசிந்து தேங்கிக் கிடந்தது. மலிவு என்று மேலே ஒட்டியிருந்த சிவப்புத் தாளில் பெரிதாக % குறி. பெட்டியை வைத்துவிட்டு வெளியே ஓடி, சைக்கிள்கள் நிற்கும் இடத்தில் சத்தி எடுத்தேன். ஒரு டெனிஷ்காரி வந்து முதுகைத் தடவினாள். அவளுக்கு நான் என்னத்தைச் சொல்ல? அந்தக் குறியைப் பற்றிக் கதைக்க எனக்கு இருந்தது நீ ஒருத்திதான். நீ போய் ஒரு மாதமாகப் போகிறது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், ஆஸ்பத்திரியில் நிலம் துடைக்கிறவள். நீ மதுரையில் படித்துவிட்டு கோப்பன்ஹேகனுக்குக் கம்பியூட்டர் வேலைக்கு வந்தவள். லிஃப்டுக்குள் முதல்முறை கண்டு கதைத்தபோதே சிரித்தாய்.

"நீங்க பேசுறது பாதிதான் புரியுதுக்கா. கீழ எழுத்து ஓட விடுங்க."

"நீர் கதைக்கிறது மட்டும் என்னவாம்? படத்திலை வாற மாதிரிக் கிடக்கு."

அன்றிலிருந்து மேல்மாடி, கீழ்மாடி என்ற கணக்கு நமக்குள் இல்லை.

பிறகு எங்கள் நாட்டில் சண்டை முடிந்த அந்த வைகாசி வந்தது. என் கூடப்பிறந்த கடைக்குட்டி வசந்தி, கைக்குழந்தையோடு கடற்கரையில் அகப்பட்டிருந்தாள். யாரோ ஒருவருடைய தொலைபேசியில் கடைசியாகக் கதைத்தாள். "அக்கா, பங்கருக்குள்ளை தண்ணி. பிள்ளையை நெஞ்சோடை துணியாலை கட்டி வைச்சிருக்கிறன்." செல் குண்டு கூவிக்கொண்டு வரும் சத்தம் எனக்கும் கேட்டது. பிறகு சனங்களின் குளறல். பிறகு ஒன்றுமில்லை.

தப்பி முகாமுக்கு வந்த எங்கள் ஊர்க்காரி ஒருத்தி எனக்கு போன் எடுத்துச் சொன்னாள். "வசந்தியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனவையள். தாயையும் பிள்ளையையும் ஒரே வரியிலை எழுதினவையள், 'வசந்தி & பேபி' எண்டு. கண்ணாலை கண்டனான்."

"உயிரோடையோ?"

"தெரியாதக்கா. அதுக்குள்ளை ஆஸ்பத்திரிக்கு மேலையே செல் விழுந்திட்டுது."

அந்த ஆஸ்பத்திரிப் பதிவுகளையும் படங்களையும் வெளிநாட்டுப் பிள்ளைகள் சிலர் இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். அவசரத்தில் செய்த பக்கம். பெயரைப் போட்டுத் தேடப் பெட்டி இல்லை. மேலே உள்ள முகவரியின் நுனியில் பெயரைச் சேர்த்து எழுத வேண்டும் என்று நீதான் கண்டுபிடித்தாய். ஒரு சனிக்கிழமை மத்தியானம், என் சாப்பாட்டு மேசையில் உன் கம்பியூட்டரை வைத்து, நான் சொன்னபடியே ஆங்கில எழுத்தில் 'வசந்தி & பேபி' என்று அடித்தாய்.

வசந்திகள் வந்தார்கள். ஒருத்தி இல்லை, ஊர்ப்பட்ட வசந்திகள். ஒருத்திக்குத் தாடை இல்லை. ஒருத்தி கிழவி, வயிறு திறந்து கிடந்தாள். ஒருத்தி பள்ளிக்கூடச் சட்டையோடு, முழங்காலுக்குக் கீழே வெறும் சீலைத் துண்டு. கீழே முற்றத்தில் அயலட்டைச் சனம் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தது. அந்தப் புகை யன்னலால் வந்தது. நீ எழும்பிப் போய்க் குசினித் தொட்டியில் சத்தி எடுத்தாய். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து திரும்பவும் இருந்தாய். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, இல்லை, இல்லை என்று தலையாட்டினேன்.

திடீரென்று உன் நெற்றியில் நீயே அறைந்தாய்.

"மடச்சிக்கா நான்! தினம் சோறு போடுற வேலை, இது தெரியல பாருங்க. முகவரில & வந்தா, பேரு அதோட முடிஞ்சுதுன்னு மெஷின் நினைச்சுக்கும். 'வசந்தி'யோட வெட்டிட்டு, பேபியை வேற ஏதோன்னு தள்ளி விட்டுருச்சு."

"தாயிட்டை இருந்து பிள்ளையைப் பிரிச்சுப் போட்டுதோ?"

"ஆமாக்கா. இந்த மாதிரிக் குறியெல்லாம் வேசம் போட்டுத்தான் உள்ள போகணும். நம்ம இஷொய் பேர டெனிஷ்ல எழுதுறப்ப வர்ற கோடு கிழிச்ச ஓ எழுத்துக்கும் இதே கதிதான்." & குறியை அழித்துவிட்டு அந்த இடத்தில் %26 என்று அடித்தாய்.

"என்னடி, கடையிலை மலிவு போட்ட மாதிரி?" என்றேன். அந்த நேரத்திலும் நாமிருவரும் சிரித்தோம். பொத்தானை அமத்தினாய்.

ஒரேயொரு பதிவு வந்தது. படம் மேலிருந்து மெல்ல மெல்ல இறங்கியது. மணல் தெரிந்தது. அடுத்த கணம் உன் இடது கை கம்பியூட்டர்க் கண்ணாடியில் அறைந்தாற்போல் விழுந்தது.

"கையை எடு."

"வேணாங்க்கா."

"எடடி! அவள் என்ரை தங்கச்சி!"

உன் தலைமயிரைப் பிடித்து இழுத்தேன். விரல்களைப் பின்னுக்கு மடக்கினேன். நீ அசையவில்லை. குனிந்து உன் புறங்கையைக் கடித்தேன், வாய்க்குள் இரத்தம் உப்பாக வரும்வரை கடித்தேன். நீ குளறினாய். ஆனால் கையை எடுக்கவில்லை. மற்றக் கையால் கம்பியூட்டரை அணைத்தாய்.

"உயிரில்லைக்கா," என்றாய். "ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருக்காங்க. கட்டுன துணி அவுரல."

நான் தலையைச் சுவரில் மோதினேன். நீ அந்த இரத்தக் கையையே சுவருக்கும் என் நெற்றிக்கும் நடுவில் வைத்தாய். பொழுது சாய்ந்து, நான் அடங்கிய பிறகு, கட்டுப் போட்டுவிட்டேன்.

"ஆபீஸ்ல கேட்டா நாய் கடிச்சுருச்சுன்னு சொல்லிக்கிறேன்," என்றாய்.

"சொல்லு. நான் என்ன நாயிலும் குறைச்சலோ?"

கொஞ்ச நாளில் அந்தப் பக்கமே இல்லாமல் போய்விட்டது. உன் கையில் என் பல்லுத் தழும்பு மட்டும் இருந்தது. நீ தேத்தண்ணீர் நீட்டும்போதெல்லாம் அதுதான் முதலில் என் கண்ணில் படும். புற்றுநோய் உன்னைத் தின்று எலும்பாக்கிய பிறகும், ஊசி ஏற்றிய கையில் அந்தத் தழும்பு அப்படியே கிடந்தது. அதைத் தடவிக்கொண்டு கடைசியில் கேட்டுவிட்டேன்.

"அந்தப் படம் உனக்கு இப்பவும் தெரியுதோ?"

"தினமும் தெரியும்க்கா. உங்களுக்குத் தெரிய வேணாம்."

இப்போது அந்தப் படம் நீ எரிந்த நெருப்போடு போய்விட்டது. வசந்தியை நினைத்துக் கண்ணை மூடினால் எனக்குக் கொஞ்சம் மணல் தெரிகிறது. அதற்கு மேல் உன் புறங்கை.

கையை எடுக்காதே, தங்கச்சி.