வீட்டுப் பேச்சில் எழுதுகிறவர்

அப்பாசியா, குவைத், 2004

ஜோஸ்மி அப்பாவுக்கு, இயேசுவுக்கே புகழ். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? நம் மகள் ஜோஸ்மி ஒழுங்காகப் பள்ளிக்குப் போகிறாளா? எனக்குச் சுகம்தான். கால் வீக்கம் டியூட்டி முடிந்தால் வடிந்துவிடுகிறது.

எங்கள் வார்டில் நார்வே நாட்டு அம்மா ஒருவர் இருக்கிறார். மகனைப் பார்க்க வந்த இடத்தில் விழுந்து இடுப்பு முறிந்துவிட்டது. அவர் கவிஞராம். ஊர் மீன்காரர்களின் பேச்சைப் பேசியதற்காகப் பள்ளியில் அடி வாங்கினாராம். ஆயுள் முழுக்க அந்தப் பேச்சிலேயே எழுதியிருக்கிறார். நகரத்துக்காரர்கள் புரியவில்லை என்றதற்கு, "எங்க ஊருக்கு வந்து கேளுங்க" என்றாராம். இப்போது அங்கே ஒருவரை அடக்கம் செய்யும்போது இவர் வரிகளைத்தான் வாசிக்கிறார்களாம். இதெல்லாம் மகன்தான் சொன்னார்.

நேற்று அந்த அம்மா என்னிடம், வீட்டில் பேசுவதுபோல் எங்கள் பேச்சில் ஏதாவது சொல்லச் சொன்னார். காற்று எழும்பினால் உங்களிடம் சொல்வேனே, அதுதான் வாயில் வந்தது: "கடலு சரியில்ல, இன்னைக்குப் போவண்டாம்." கண்ணை மூடிக் கேட்டவர், இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

இங்கே வேலை பார்க்கும் நம்மூர் பெபின் லீவு முடிந்து வரும்போது நெத்திலிக் கருவாடு கொடுத்துவிடுங்கள். உங்கள் கடிதங்கள் கலெக்டருக்கு எழுதியதுபோல் இருக்கின்றன.

டியூட்டி பஸ் வந்துட்டு. கேட்டியளா, இனி நீங்க பேசுத மாதிரியே எழுதுங்க. என்னைக் கூப்பிடுத மாதிரி 'ஏட்டி'ன்னு தொடங்குங்க, போதும்.

பிரிஸில்லா