மீன் கறி தெறித்த சுவிட்ச்

இன்று காலை ஆலையில் பேனலைத் திறந்து நம்முடைய நெட்வொர்க் சுவிட்சைக் கழற்றினேன். உலோக உடம்பு, முதுகில் சீப்புப் பல் மாதிரி வரிசையாகத் தகடுகள். இரண்டு தகடுகளுக்கு நடுவில் காய்ந்துபோன ஒரு மஞ்சள் கறை. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தேன். தூசி வாசனைதான். ஆனாலும் உன் மீன் கறியின் புளிப்பு நாக்கில் ஊறிவிட்டது. ஆலையின் கரண்டு வேலைக்குப் பொறுப்பான, ஓய்வுக்கு ஒரு வருடமே இருக்கிற சார்ஜ்மேன் ஒரு சுவிட்சை மோந்து பார்த்துத் தனியாகச் சிரிப்பதைப் புது இன்ஜினியர் பெண் பார்த்துவிட்டாள். என்ன நினைத்தாளோ, தெரியவில்லை.

எட்டு வருடத்துக்கு முன்னால் எனக்குச் சிரிப்பே வராத நேரம் அது. செம்பனைக் குலைகளை நீராவியில் அவிக்கிற இடத்தில், மெஷின்களும் கண்ட்ரோல் ரூமும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஒரு நெட்வொர்க் சுவிட்ச் வேண்டும். நாங்கள் ஆபீசில் வைக்கிற சாதாரணப் பெட்டியையே அங்கே மாட்டியிருந்தோம். சூடு, ஆவி, எண்ணெய்ப் பிசுக்கு. பாவம், அது என்ன செய்யும்? மாதம் ஒரு தடவையாவது கண்ணை மூடிவிடும். திரை இருண்டு போகும், குலை ஏற்றி வந்த லோரிகள் ரோடு வரைக்கும் நிற்கும். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். இன்னொரு தடவை நின்றால் ஒயரிங் வேலை முழுவதும் வெளி கம்பெனிக்குப் போய்விடும், அதைப் பார்க்கிற நாங்கள் ஐந்து பேரும் தூரத்துப் பகாங்கில் ஆளுக்கொரு ஆலைக்குப் போக வேண்டும் என்றார். ஐந்து பேருக்கும் வீடு இங்கே பெடாஸில். பிள்ளைகள் படிப்பதும் பெடாஸில்.

மூன்று விற்பனைக்காரர்கள் மூன்று விதச் சுவிட்ச் சாம்பிள் கொடுத்திருந்தார்கள். மூன்றின் விளக்கத்தாள்களையும் உன் சாப்பாட்டுக் கடை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்துகொண்டிருந்தேன். உள்ளேயே காற்றாடி வைத்தது எனக்குப் பிடித்திருந்தது. சூடு தங்காது, தாளும் அதற்குத்தான் நீளம். ஆர்டர் பாரத்தில் அதன் பெயரை எழுதியும் விட்டேன், கையெழுத்து மட்டும் பாக்கி. நீ தே தாரேக் டீ கிளாஸை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாய்.

"தாளுல எல்லாந்தான் நல்லா இருக்கும் லா. என் மெனுவப் பாரு, எல்லாத்தையும் ஸ்பெஷல்னுதான் போட்டு வச்சிருக்கேன்."

"அப்ப எப்படிடா பாக்கறது?"

"என் அடுப்பு மேல வைடா. ரெண்டு வாரம் நம்ம கூட குடும்பம் நடத்தட்டும். இங்க தாங்குனா உன் மில்லுல தாங்கும்."

பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலத்திலிருந்தே உனக்கு இந்தத் திமிர். ஆனால் நீ சொன்னதில் நியாயம் இருந்தது. மசாலா டின்களை ஒதுக்கிவிட்டு மூன்றையும் அடுப்புக்கு மேலே பலகையில் வைத்தோம். ஒன்றில் டிவி, ஒன்றில் கேமரா, ஒன்றில் கல்லாக் கம்ப்யூட்டர் என்று இணைத்தோம். எது நின்றாலும் உனக்குத்தான் முதலில் தெரியும்.

நான்காம் நாள் சாயந்திரம் பந்து ஆட்டம். கடை நிறையக் கூட்டம். பந்து வலைக்குப் பக்கத்தில் போன நேரத்தில் டிவி நின்றது. கூட்டம் கத்தின கத்தலில் பக்கத்துப் பட்டறையிலிருந்து ஆள் ஓடி வந்தான். காற்றாடிப் பெட்டியைத் திறந்தால், உள்ளே ரொட்டி மாவும் எண்ணெயும் சேர்ந்து பிசைந்து கிடந்தது. வெளியிலிருப்பதையெல்லாம் அதுவே இழுத்து இழுத்து விழுங்கியிருக்கிறது. நீ ஒரு விரலால் வழித்துப் பார்த்து, "உப்பு கம்மி," என்றாய். கையெழுத்துப் போட்டிருந்தால் எங்கள் ஐந்து பேர் கதை அதோடு முடிந்திருக்கும்.

இரண்டாவது, பிளாஸ்டிக் உடம்பு, நன்றாகத்தான் ஓடியது. ஒன்பதாம் நாள் கேமரா எல்லாம் இருட்டு. பார்த்தால், உன் கடை ரொட்டி மாஸ்டர் அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தன் போனுக்கு சார்ஜ் போட்டிருக்கிறார். இதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று நான் சண்டை போட்டேன்.

"அது பெட்டி தப்பு இல்லடா, மாஸ்டர் தப்பு."

"ஏன், உன் மில்லுல மாஸ்டர் இல்லியா? போன் சார்ஜ் போடாத மனுசன் எந்த மில்லுலடா வேல செய்றான்?"

கடைசியாக ஆலை நின்ற இரண்டு தடவையும் 'காரணம் தெரியவில்லை' என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தேன். பெட்டி இருந்த பேனலுக்குள்ளேயே, அதன் பிளக்குக்குப் பக்கத்தில், எல்லாரும் கை விடுகிற ஒரு பிளக் பாயிண்ட் இருந்தது. மறுநாள் போய்ப் பார்த்தால் அதில் யாரோ மேசை விசிறி செருகியிருந்தார்கள். சூட்டையும் ஆவியையும் யோசித்த எனக்கு, மனுசனை யோசிக்கத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. உன்னிடம் சொன்னபோது நீ கல்லாவைத் தட்டித் தட்டிச் சிரித்தாய், நானும் சிரித்துவிட்டேன்.

மூன்றாவதுதான் இது. காற்றாடி கிடையாது, சூடு முதுகுத் தகடு வழியாகவே போய்விடும். பிளக்கும் கிடையாது, கரண்டு ஒயரைத் திருகாணி போட்டு முடுக்க வேண்டும், கை போகிற போக்கில் பிடுங்க முடியாது. பன்னிரண்டாம் நாள் நீ கறிச்சட்டியை இறக்கும்போது கை தவறி அதன் மேலேயே தெறித்தது. பச்சை விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. "குளிச்சிட்டான், மாப்பிள்ளையா எடுத்துக்கடா," என்றாய்.

மாட்டுகிற அன்றைக்கு நேரில் பார்த்தே ஆகவேண்டும் என்று வந்து நின்றாய், கைலியோடு. கேட்டில் விடவில்லை. என் மாற்றுக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு, அது கணுக்காலுக்கு மேலே நிற்க, மஞ்சள் தொப்பியோடு நீ நடந்து வந்ததைப் பார்த்து மேனேஜரே திரும்பி நின்று சிரித்தார். பேனல் கதவைச் சாத்துமுன் குனிந்து அதனிடம் சொன்னாய்: "எங்க மானத்தக் காப்பாத்துடா."

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. அன்றைக்கும் ஆலை ஓடியது, நான்தான் வேலைக்குப் போகவில்லை. உன்னைத் திட்டுவதற்காவது ஒரு நாள் வந்துவிட்டுப் போயேன் என்று இப்போதும் சில நேரம் தோன்றுகிறது.

ஆலையில் புதிதாக இன்னொரு வரிசை வருகிறது, பெரிய சுவிட்ச் வேண்டும். அதற்காகத்தான் இதைக் கழற்றினேன். இரண்டு சாம்பிள் வந்திருக்கின்றன.

"இத எப்படி அங்கிள் செலக்ட் பண்ணீங்க? டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"இருக்கும்மா. வா, காட்டறேன்," என்று உன் கடைக்கு அழைத்துப் போனேன்.

உன் மனைவி கல்லாவில் இருந்தார். பெட்டிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நேராகப் போய் அடுப்புக்கு மேலே பலகையிலிருந்த மசாலா டின்களை எடுக்க ஆரம்பித்தார்.

"எத்தன நாளுண்ணே?"

"ரெண்டு வாரம், தங்கச்சி."

"ஆட்டம் இருக்கற வாரமா பாத்து வைங்க. அவருக்கு அதான் புடிக்கும்."

பழைய சுவிட்சை அவர் கையில் கொடுத்தேன், கடையிலேயே இருக்கட்டும் என்று. துடைக்கத் துணியை எடுத்தவர் தகட்டுக்கு நடுவில் அந்த மஞ்சளைப் பார்த்துவிட்டார். "இது அவரு வச்ச கறியா?" என்றார். தலையாட்டினேன். துணியைக் கீழே போட்டார். "நீங்களே வச்சிக்கிங்கண்ணே. இங்க இருந்தா யாராவது தொடச்சிருவாங்க."

மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்து, இதோ மேசையில் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நாங்கள் ஐந்து பேரும் பெடாஸிலேயே இருக்கிறோம். எட்டு வருடத்தில் ஒரு நாள்கூட நிற்கவில்லைடா. காப்பாற்றிவிட்டான்.