தெருச் சாக்கடையும் என் முழங்காலும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அங்கே சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே அப்பா சுகம், நானும் சுகம், என் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை. அந்த முழங்காலால் தெருவே சிரிக்கும்படி ஒரு காரியம் நடந்துவிட்டது. போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் ஒரு வரி சொல்வதற்குள் அப்பா பக்கத்தில் நின்று நாலு திருத்தம் சொல்வார். கடிதத்தில் குறுக்கே பேச ஆள் கிடையாது. ஐந்தாம் வகுப்பு வரை படித்ததற்கு இந்த வசதியாவது இருக்கட்டும்.

நம் தெருவுக்கு நகராட்சிக்காரர்கள் மாதாமாதம் கூட்டம் போடுகிறார்கள் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். ஒரு இன்ஜினியர் வருவார், உன் தம்பி வயதுதான் இருக்கும், எந்த வேலை முடிந்தது, எது பாக்கி என்று விவரமாகச் சொல்வார். தெருவிளக்கு மாற்றியாயிற்று, ரோட்டுப் பள்ளம் அடைத்தாயிற்று, குப்பை வண்டி இனிமேல் காலையிலேயே வரும், இப்படி. நான் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டுவேன். பாதி புரியாது. இருந்தாலும் நான் தலையாட்டாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு அடுத்த பேச்சு வராது என்று எனக்கு ஒரு நினைப்பு. இந்தத் தெருவில் என்னைக் கேட்காமல் ஒரு கல்லும் நகராது என்றுகூட நினைப்பு இருந்தது, அதை இப்போது உன்னிடம் சொல்வதில் வெட்கமில்லை, ஏனென்றால் மிச்சமிருந்த வெட்கமெல்லாம் போன மாதத்தோடு தீர்ந்துவிட்டது.

விஷயம் இதுதான். இந்த வருஷம் நம் தெருவுக்கு ஒரே ஒரு பெரிய வேலைதான் செய்ய முடியும், சாக்கடையை ஆழப்படுத்தி மூடி போடுவதா, இல்லை காலி மைதானத்தில் உடற்பயிற்சி மிஷின்கள் வைப்பதா, நீங்களே சொல்லுங்கள் என்றார் இன்ஜினியர். நம் வீடு மேட்டில் இருப்பதால் சாக்கடை நமக்கு வெறும் நாற்றம்தான். தெருக்கோடியில் பள்ளத்தில் இருக்கிறாளே இஸ்திரிக்காரி, அவளுக்கு அது வேறு. மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் நேரே அவள் வீட்டுக்குள் போகும். போன வருஷம் ஒரு கட்டுத் துணி நனைந்து கறைபட்டு, அதோடு ரெண்டு வீட்டுக்காரர்கள் துணி கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். இன்னொரு மழைக்கு இப்படி ஆனால் பிழைப்பு போய்விடும் என்று என்னிடம் வந்து அழாத குறையாகச் சொன்னாள். நான் இருக்கும்போது உனக்கென்ன கவலை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பினேன். பெரிய மந்திரி மாதிரி.

கூட்டத்தில் நாற்காலிகளை எல்லாம் மடக்கி ஓரமாக வைத்துவிட்டு, சாக்கடை வேண்டும் என்பவர்கள் இடது பக்கம், மிஷின் வேண்டும் என்பவர்கள் வலது பக்கம் நில்லுங்கள் என்றார்கள். வலது பக்கச் சுவரோரம் ஒரு நாற்காலி மட்டும் மடங்க மறுத்து நின்றுகொண்டிருந்தது. எனக்கோ கால் கெஞ்சியது. எல்லோரும் இடம் பிடித்து நிற்கிற வரைக்கும் சற்று உட்காருவோம், எண்ணும்போது எழுந்து அந்தப் பக்கம் போய்விடலாம் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தால் கூட்டத்தில் பெரும்பகுதி என் பின்னால் நிற்கிறது. இன்ஜினியர் சிரித்துக்கொண்டே பெரியவர்களே இளைஞர்கள் பக்கம் இருக்கிறார்கள் என்று கைதட்டினார், எல்லோரும் தட்டினார்கள். அப்போதே எழுந்து எதிர்ப்பக்கம் போயிருக்க வேண்டும். போகவில்லை. கால்வலி பாதி காரணம். மீதியைச் சொன்னால் நீ என்ன நினைப்பாயோ, ஊரே நம் பின்னால் வந்து நிற்கிறது என்ற பெருமை என்னை அப்படியே நாற்காலியில் அழுத்திவிட்டது. மிஷின் பக்கம் ஜெயித்தது.

மறுநாள் முதல் தெருப் பிள்ளைகளுக்கு நான் ஜிம் பாட்டி. அப்பா காலையில் காபி கொடுக்கும்போதே, எந்த மிஷினில் ஆரம்பிக்கப் போகிறாய், முன்கூட்டியே சொன்னால் நாட்டு வைத்தியரிடம் சொல்லி வைக்கலாம் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். அதெல்லாம் பொறுத்துக்கொண்டேன். இஸ்திரிக்காரி துணி வாங்க வந்தபோதுதான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அவள் துணியை எண்ணிக் கட்டிக்கொண்டே, "நீங்க எழுந்து வருவீங்கன்னு கடைசி வரைக்கும் பாத்துட்டே இருந்தேம்மா" என்றாள். அவ்வளவுதான். கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு நகராட்சி ஆபீஸுக்கே போனேன். வேலை உத்தரவு இன்னும் போகவில்லை, அடுத்த கூட்டத்தில் சபை ஒத்துக்கொண்டால் திரும்ப எண்ணலாம், ஆனால் காரணத்தை நீங்கள்தான் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்றார் இன்ஜினியர். அந்தக் கூட்டத்தை விட்டால் மழைக்குள் வேலை முடியாது என்றும் சொன்னார். வேறு காரணம் ஏதாவது சொல்லலாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்றேன். "நான் மிஷினுக்கு ஓட்டுப் போடலை. கால் வலிச்சுது, உக்காந்தேன். எழுந்துக்க வெக்கமா இருந்துது" என்று சொல்லிவிட்டேன். ஒரே சிரிப்பு. அத்தோடு நிறுத்தினேனா, அதுதான் இல்லை. என்னை நம்பி என் பின்னால் வந்தவர்கள் மன்னிக்க வேண்டும், இப்போது என்னோடு இந்தப் பக்கம் வாருங்கள் என்று பெருந்தன்மையாக வேறு அழைத்தேன். முக்குக்கடைத் தையல்காரர் இருக்கிறாரே, அவர், "பாட்டி, உங்க பின்னாடி யாரு வந்தா? அந்தப் பக்கம்தான் ஃபேன் ஓடுச்சு" என்றார். கூடமே அதிர்ந்தது. அப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார், கட்டின புருஷன்.

இத்தனை வருஷமாக நான் தலையாட்டித்தான் தெரு நடக்கிறது என்று இருந்தவளுக்கு, ஒரு மின்விசிறிக்கு இருந்த மரியாதைகூட நமக்கு இல்லை என்று தெரிந்தது. சிரித்த சிரிப்போடு திரும்ப எண்ணச் சபையும் ஒத்துக்கொண்டது. மெல்ல நடந்து இடது பக்கம் போய் இஸ்திரிக்காரி பக்கத்தில் நின்றேன். ஒருத்தரும் வரவில்லை. பள்ளத்து வீட்டுக்காரர்கள் நாலைந்து பேரும் நானும்தான். அங்கிருந்து பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது, கூட்டம் என்பதால் எல்லோரும் மடிப்புக் கலையாத உடுப்பில் வந்திருக்கிறார்கள். பெரிய பேச்செல்லாம் எனக்கு மறந்துபோய்விட்டது. "நீங்க போட்டிருக்கிற சட்டை நேத்து ராத்திரி யார் வீட்டுல இருந்துது? தண்ணி வந்தா முதல்ல நனையப்போறது அதுதான்" என்றேன். தையல்காரர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் அவர் சட்டையைப் பார்த்தார். தையல்காரர்தான் முதலில் இந்தப் பக்கம் வந்தார், வரும்போதே, உங்களுக்காக வரலை பாட்டி, சட்டைக்காக வரேன் என்று சொல்லிக்கொண்டே வந்தார். எதற்காக வந்தால் என்ன, கொஞ்சம் வித்தியாசத்தில் சாக்கடை ஜெயித்தது.

வேலையை மேட்டிலிருந்து தொடங்கினார்கள், அதனால் நம் வாசலைத்தான் முதலில் தோண்டிப் போட்டார்கள். நான் கேட்டு வாங்கின பள்ளத்தைத் தாண்ட முடியாமல் நானே வீட்டுக்குள் கிடந்தேன். மருமகள் கையைப் பிடித்துப் பலகை மேல் என்னைக் கடத்துவாள், அப்பா எதிரில் நின்று நகராட்சித் தலைவர் வருகிறார் வழிவிடுங்கள் என்பார். எப்படியோ போன வாரம் தெருக்கோடி வரை மூடி போட்டு முடித்துவிட்டார்கள்.

முந்தாநாள் மத்தியானம் நல்ல மழை. உள்ளதைச் சொன்னால், இஸ்திரிக்காரி என்னைக் கும்பிட்டு நாலு வார்த்தை சொல்வாள் என்ற ஆசையில்தான் போனேன். போவதற்காகப் புடவைகூட மாற்றினேன். குடையைப் பிடித்துக்கொண்டு காலை இழுத்து இழுத்து அவள் வீடு வரை போய்விட்டேன். கதவு திறந்தே இருந்தது. மழை என்றால் அவளும் அவள் பெண்ணும் இஸ்திரி மேஜை மேல் துணிக்கட்டோடு ஏறி உட்கார்ந்து, தண்ணீர் வடிகிற வரை கண்ணை மூடாமல் காத்திருப்பார்கள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வெளியே கொட்டுகிறது, உள்ளே அம்மாவும் பெண்ணும் வெறும் தரையில் கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு அசந்து தூங்குகிறார்கள். நான் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். எங்கே போய் நனைந்துவிட்டு வருகிறாய் என்று அப்பா கேட்டார், சும்மா என்றேன்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. குளிர் தொடங்கிவிட்டால் பேரனுக்குக் காதை மூடி அனுப்பு, கேட்கமாட்டான், அதட்டிப் போட்டுவிடு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், அதைத்தான் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

உன்னைப் பெற்றவள்,
அம்மா