நீ விரல் வைத்துக் காட்டிய பெயர்

டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் கற்பூர எண்ணெய் வாசம் வந்தது. ஐம்பது வருஷம் ஆகியும் போகவில்லை. அந்த ரோஸ் நிற நோட்டீஸை அப்போது தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். என் முதுகில் நீ தேய்த்த எண்ணெய் அதிலும் ஊறி, நடுவில் பெரிய வட்டமாக நின்றுவிட்டது. அந்த வட்டத்துக்குள் என் பெயர் இருக்கிறது என்றுதான் போன ஆடி வரை நினைத்திருந்தேன்.

நான் எழுதுவது உனக்கு ஆச்சரியமாக இருக்கும். எனக்கே அப்படித்தான். தை மாசம் எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் முதியோருக்கு மத்தியான வகுப்பு ஆரம்பித்தார்கள். எழுபது வயசுக்கு மேல் சிலேட்டைப் பிடித்தேன். இப்போது சோப்பு உறை படிக்கிறேன், மாத்திரை அட்டை படிக்கிறேன். பஸ்ஸில் ராயகிரி என்று எழுதியிருப்பதை ராயகிரி என்றே படித்துவிட்டால், நானே அந்தப் பஸ்ஸை ஓட்டிப் போவது போல் இருக்கிறது. மார்க்கெட் சுவரில் எழுதியிருந்ததைப் படித்த பிறகுதான், ஒதுங்கக் கூடாத இடத்தில் இத்தனை வருஷம் ஒதுங்கியிருக்கிறேன் என்று தெரிந்தது. ஒரு நாளைக்கு நாலு வரி எழுதுகிறேன். அதற்கு மேல் முதுகு உட்கார விடாது.

முதல் நாள் டீச்சர், கையெழுத்துப் போடத் தெரிந்தவர் உண்டா என்று கேட்டாள். கூட இருந்த எட்டுப் பெண்களும் சிலேட்டைக் குனிந்து பார்த்தார்கள். நான் மட்டும் கை தூக்கினேன். பலகைக்குப் போய், நோட்டீஸில் நீ காட்டித் தந்த இரண்டு சொற்களையும் அழகாக எழுதினேன். ரேஷன் கடையிலும் பாங்கிலும் நான் போட்டுவந்த கையெழுத்து அது.

டீச்சர் பலகையையும் என்னையும் பார்த்தாள். "தாத்தா, ஒங்க பேரு என்ன?"

"கோமதிநாயகம்."

"இதுல மற்றும் பலர்னுல்லா எழுதியிருக்கு!"

பின்னால் இருந்து ஒருத்தி, "அண்ணாச்சி ஒத்த ஆளுன்னுல்லா நெனச்சோம். கூட்டமாட்டு வந்திருக்கீயளே!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தப்பு டீச்சர் மேல்தான் என்று நினைத்தேன். அதை நிரூபிக்கவே ஒரு நாள் விடாமல் வகுப்புக்குப் போனேன். உன்னிடம் சொல்லவில்லை. படித்து முடித்து, நோட்டீஸோடு வந்து உன் எதிரில் வாசித்துக் காட்ட வேண்டும் என்று ஒளித்து வைத்திருந்தேன்.

நமக்கு அப்போது இருபது வயசு. நீ நடத்திய நம் கரகாட்டச் செட்டில் நான்தான் ஊசி எடுப்பவன். தலையில் கரகம் அசையாமல் இருக்க, பின்னால் வில்லாக வளைந்து, தரையில் கிடக்கும் ஊசியைக் கண் இமையால் எடுக்க வேண்டும். கரிவலம்வந்தநல்லூரில் ஒரு காலையில் பழகிப் பார்க்கும்போது வளைந்தேன், நிமிர முடியவில்லை. நீயும் மேளக்காரரும் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். ஆறு மாசம் பலகையில் படுக்க வேண்டும், வளையவே கூடாது என்றார் டாக்டர்.

இருமினால் குதிகால் வரைக்கும் இழுக்கும். அம்மா கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசினாள். வெளியே காயம் ஒன்றும் தெரியாததால் தெருவில் யாரும் நம்பவில்லை. "இருவது வயசுல முதுகு வலியாம்லா! மாப்பிளைக்கு ஊனுகம்பு வாங்கிக் குடுங்க" என்று ஜன்னல் வழியாகவே கேலி பேசினார்கள். நீ ஒருத்தன்தான் நம்பினாய். தினமும் வந்து எண்ணெய் தேய்த்தாய்.

மூன்றாவது வாரம் மத்தியானம், கையில் நோட்டீஸோடு வந்து பலகை ஓரத்தில் உட்கார்ந்தாய்.

"ஏலே நாயகம், ராயகிரி கோயில் கொடைக்கு நோட்டீஸ் அடிச்சாச்சு. உன் பேரு ஏறிட்டு."

"எங்கலே?"

"இங்கன பாரு. கோமதி ஒண்ணு, நாயகம் ஒண்ணு. நீளப் பேருல்லா, ரெண்டாப் பிரிச்சுப் போட்டிருக்கான்."

"இம்புட்டுச் சின்னதாவா?"

"கடைசில போடுதது பெரிய ஆளுக்குத்தாம்லே."

"எந்திரிக்க முடியலையே."

"ஒரே ஒரு ஊசிலே. பொறவு ஆறு மாசம் படுத்துக்கோ. பேரப் போட்டுட்டு ஆளு வரலன்னா ஊர்க்காரன் என்னைய என்ன கேப்பான்?"

நீ போன பிறகு அந்த இரண்டு சொற்களின் மேல் விரலை ஓட்டி ஓட்டிப் பழகினேன். என் பெயரை அச்சில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ராயகிரிக்கு வந்தேன்.

மதியக் கொடையில் இடுப்பில் துணியை இறுகச் சுற்றிக்கொண்டு ஆடினேன். வளைந்தேன். ஊசி இமைக்கு வந்தது. முதுகுக்குள் ஏதோ விட்டுப்போனது. நீ ஓடிவந்து இடுப்பைத் தாங்கி நிமிர்த்தினாய். அதையும் ஆட்டம் என்று நினைத்து ஜனங்கள் கை தட்டினார்கள். அதோடு என் ஆட்டம் முடிந்தது. இடது கால் இன்னும் இழுக்கிறது. அதன் பிறகு சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் உட்கார்ந்து பூக் கட்டியே காலம் போனது. நீ வந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். "உன்னைய மாதிரி ஒருத்தனும் வளஞ்சதில்லலே" என்பாய். அன்றைக்கு முழுக்க எனக்குக் கை ஓடும்.

ஆடியில் நோட்டீஸை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். மேலே பெரிதாக உன் பெயர். அதன் கீழே, ஊசி எடுக்கும் கரகம் என்று போட்டு, தூத்துக்குடிக்காரர் ஒருவர் பெயர். கடைசியில் மற்றும் பலர்.

மூன்று தடவை படித்தேன். டீச்சர் மேல் தப்பு இல்லை.

பெயர்ப் பட்டியல் கொடுத்தவன் நீ. நான் படுத்ததும் வேறு ஆளைப் போட்டிருக்கிறாய். அதில் எனக்குக் கோபம் இல்லை, செட்டு நடக்க வேண்டும். ஆனால் அந்த ஆள் அன்றைக்கு வரவில்லை. கடைசி நேரத்தில் கைவிட்டிருப்பார். அதனால்தான் என் பலகைக்கு வந்தாய். "அந்த ஆளு வரமாட்டேங்கான், நீ வாலே" என்று கேட்டிருக்கலாம். வந்திருப்பேனோ என்னவோ. அதைச் சொல்லக்கூட நீ எனக்கு இடம் தரவில்லை. எனக்கு வாசிக்கத் தெரியாது என்பது உனக்கு வசதியாகப் போயிற்று. இன்னொருத்தன் பெயருக்கு என் முதுகைக் கொடுத்தேன்.

பங்குனியில் நீ போனபோது நான் 'க' வரிசையில் இருந்தேன். உன் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதேன். படித்திருந்தாலும் வந்திருப்பேன். ஆனால் காதோரம் குனிந்து, ஏன்லே என்று கேட்டிருப்பேன்.

போன வாரம் பாங்குக்குப் போனேன். என் பெயரை ஏழு எழுத்தும் பிசகாமல் எழுதி நீட்டினேன். கவுண்டரில் இருந்த பிள்ளை கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"கையெழுத்து ஒத்துப் போகலயே தாத்தா. பழைய மாதிரியே போடுங்க."

"அது என் பேரு இல்லம்மா."

"பேரு என்னவும் இருக்கட்டும். ஒங்க கையெழுத்து அதுதான்."

பேனாவை வாங்கினேன். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கை தானாகப் போட்டது. அதுவும் ஏழு எழுத்துதான். சரி என்று தலையாட்டினாள். எழுந்திருக்கும்போது முதுகு பிடித்தது, நீ எண்ணெய் தேய்க்கும் அதே இடத்தில்.

பாங்கில் இனியும் அப்படித்தான் போட வேண்டும். இந்த மடலை ஒத்துப் பார்க்க ஆள் இல்லை. கீழே இருப்பது என் பெயர். விரல் வைத்துப் படி.

கோமதிநாயகம்