எட்டாத பின்மண்டை

சின்னவன் அம்மாவுக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? நான் அனுப்பிய தைலத்தை முட்டிவலிக்குத் தேய்க்கிறாயா, இல்லை தீர்ந்துவிடும் என்று மிச்சம் பிடிக்கிறாயா? எனக்கு ஒரு குறையும் இல்லை. கொஞ்சம் அசதி, அவ்வளவுதான்.

நீ அனுப்பிய மருதாணிப் பொடியை வெள்ளிக்கிழமை தலைக்குப் போட்டேன். எங்கள் ஓட்டல் லாண்டரியில் நரைத்தவர்களை ஒவ்வொருவராக விசாவை முடித்து ஊருக்கு அனுப்பப்போவதாகப் பேச்சு. வெறும் பேச்சுதான், நீ கவலைப்படாதே. வெறுங்கையால் அள்ளிப் பூசியதில் தலையைவிட உள்ளங்கைதான் நன்றாகச் சிவந்துவிட்டது. மறுநாள் எனக்கு எதிரில் நின்று படுக்கை விரிப்பு மடிக்கிறவர், "என்ன மாப்ள, இப்படிச் செவந்திருக்கு? வீட்டுக்காரம்மாவுக்கு உம்மேல பாசம் ஜாஸ்திதான்" என்று சிரித்தார்.

சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. வெள்ளை விரிப்பில் கறை படும் என்று, ஒரு வாரத்துக்கு என்னை அழுக்குத்துணி வண்டி தள்ள அனுப்பிவிட்டார். வாலிபனாகத் தெரிய ஆசைப்பட்டேன், வாலிபன் செய்கிற வேலையே கிடைத்துவிட்டது. இடுப்புதான் என் வயதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

அடுத்த பார்சலில் இன்னும் கொஞ்சம் பொடியும், உன் பீரோவில் இருக்கும் கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடியும் அனுப்பு. கண்ணாடி இங்கேயும் விற்கிறார்கள்தான், இருந்தாலும் அதையே அனுப்பு. பின்மண்டைக்கு என் கண்ணும் எட்டவில்லை, கையும் சரியாக எட்டவில்லை. அங்கே மட்டும் வெள்ளையாகவே நிற்கிறதாம். ரூமில் யாரையும் பூசிவிடச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நீ இருந்தால் திட்டிக்கொண்டே பூசிவிடுவாய்.

வேலைக்குக் கூட்டிப்போகிற வேன் ஹாரன் அடிக்கிறது, முடிக்கிறேன். கண்ணாடியை மறந்துவிடாதே. சூப்பர்வைசர் எப்போதும் எங்களுக்குப் பின்னால்தான் நிற்பார்.