இருபது படிகள்

அன்புள்ள தர்வின் அப்பாவுக்கு,

வணக்கம். சிகாமட்டில் நீங்களும் உங்கள் சர்க்கரையும் எப்படி இருக்கிறீர்கள்? இங்கே பினாங்கில் நான் நலம், முழங்காலைத் தவிர.

பயப்படாதீர்கள். போன வாரம் பள்ளிப் படிக்கட்டில் கொஞ்சம் விழுந்துவிட்டேன். உங்கள் அக்காவிடம் சொல்லவேண்டாம், சிங்கப்பூர் வரை போய்விடும்.

ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளிடம், பள்ளியில் உள்ள ஒரு நிஜப் பிரச்சினைக்குக் குழுவாக வடிவியல் கணக்குப் போடுங்கள் என்றேன். திடலை அளப்பார்கள் என்று நினைத்தால், நான்கு குழுவும் அளந்தது அந்தப் படிக்கட்டைத்தான். இருபது படி, படிக்குப் பதினைந்து செண்டிமீட்டர், மொத்தம் மூன்று மீட்டர் உயரம். நான் படி ஏறாமல் மேலே போக, ஒரு மீட்டர் உயரத்துக்குப் பன்னிரண்டு மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டுமாம்.

"முப்பத்தாறு மீட்டர் டீச்சர், கேட்டைத் தாண்டி மீ கோரெங் கடையில போய் நிக்குது லா," என்றாள் கவிஷா.

"நல்லதுதானே, டீச்சர் எப்படியும் அங்கதான் சாப்பிடப் போவாங்க," என்றான் ஹரிணேஷ்.

நானும் சிரித்தேன். ஆனால் தலைமையாசிரியை அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "மாடி வகுப்பு உங்களுக்கு முடியுமா டீச்சர்?" என்று கேட்டார். முடியும் என்று சொல்லிவிட்டேன். புதன்கிழமை ஸ்கேன் முடிவு வருகிறது. அறுவை சிகிச்சை என்றால் இந்த வகுப்பு வேறொருவருக்குப் போய்விடும்.

முழங்கால் தைலம் இரண்டு புட்டி அனுப்புங்கள். அப்படியே நம் வீட்டு வாசல்படிகளையும் அளந்து எழுதுங்கள். பிள்ளைகளின் கணக்குக்கு என்று எழுதத்தான் நினைத்தேன். எனக்குத்தான்.

மணி அடித்துவிட்டது, மேலே ஏறவேண்டும்.

ஜெகதீஸ்வரி