வெள்ளைத் துண்டை வீசியது நான்தான்

அன்பு மகள் முனீஸ்வரிக்கு, கொட்டாம்பட்டிப் பக்கத்து நம் வீட்டிலிருந்து அம்மா எழுதுவது. முழங்கால் வலியைச் சேர்க்காவிட்டால் நான் நல்ல சுகம், நீ இருக்கிற அந்தத் தூர தேசத்துத் தெமுக்கோவில் குளிர் தொடங்கிவிட்டது என்றாயே, நீ காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்க மடைக்கருப்பரை வேண்டிக்கொள்கிறேன். நம் பசு சிவப்பி கிடேரிக் கன்று போட்டிருக்கிறது, கன்று நெற்றியில் வெள்ளை. ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியபோது உன் சித்தப்பா சிவபாண்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் நான் வெறும் உம் கொட்டினேன், நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனை வைத்துவிட்டாய். அதனால்தான் நோட்டை எடுத்தேன். ஆனிமேரி டீச்சர் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பித் தருவார், அவர் படித்தாலும் எனக்கு ஒன்றும் வெட்கமில்லை.

நம் கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற வரத்துக்காலை மூடி லாரிப் பாதை போடப் பார்க்கிறார்கள் குவாரிக்காரர்கள். கால் ஓரத்து நிலக்காரர்கள் பன்னிரண்டு பேரும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும், பதினோரு பேர் போட்டுவிட்டார்கள், பாக்கி நான் ஒருத்தி. “மதினி, நீங்க ஒரு ஆளு போடாம அம்புட்டுப் பேரு வேலையும் நிக்குது” என்று சித்தப்பா தினமும் வந்து நின்றார். அவர் அந்தக் குவாரியில் லாரி ஓட்டுகிறவர், அவர் அப்படித்தான் சொல்வார். ஆனால் நீ, “வம்பு வேணாம்மா, போட்டுக் குடுத்துட்டு நிம்மதியா இரு” என்றாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. போன வருஷம் எனக்குக் கதை சொன்னது யார்? அந்த ஊர்ப் பூர்வகுடிகளான மப்புச்சே சனங்களின் ஆற்றில் நரித் தலையும் பாம்பு உடம்புமாக ஒன்று சுழலைக் கிளப்பி ஆளை இழுக்கும், ஏரியில் மாட்டுத்தோல் மாதிரி ஒன்று விரிந்து கிடந்து மிதித்தவனைச் சுருட்டி உள்ளே கொண்டுபோகும், ஒவ்வொரு தண்ணீருக்கும் உடையவர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கேட்காமல் யாரும் ஒரு குடம் மொள்ள மாட்டார்கள், உடையவர் கோபித்துப் போய்விட்டால் ஊற்றே வற்றிவிடும் என்று ஒரு மணி நேரம் சொன்னாயே. அணை கட்ட வந்தவர்களை அந்தக் கிழவிகள் மறித்து உட்கார்ந்ததை மட்டும் இரண்டு தடவை சொன்னாய். அங்கே உட்கார்ந்தால் வீரம், இங்கே உன் அம்மா உட்கார்ந்தால் வம்பா?

சரி, நீ போனை வைத்த பிறகு இங்கே நடந்ததைக் கேள். அப்பா போன பிறகு இரண்டு வருஷம் மழையில்லாமல் மீன்பிடித் திருவிழாவே நடக்கவில்லை, இந்தத் தடவைதான் கண்மாய் பெருகி, சித்திரையில் தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கி, திருவிழாவுக்கு நாள் குறித்தார்கள். நம் வீடு மடை திறக்கிற வீடு. கருப்பரிடம் கேட்டுவிட்டு மடைமேல் நின்று நம் வீட்டு ஆள் வெள்ளைத் துண்டை வீசினால்தான் ஊர் தண்ணீரில் கால் வைக்கும், இது உனக்குத் தெரியாததா? மைக் செட்டும் மேளமும் தன் செலவு என்று குவாரி மேனேஜர் சொன்னாராம், உடனே இந்த வருஷம் அவரே துண்டு வீசட்டும் என்று பெரிய மனிதர்கள் முடிவு செய்துவிட்டார்கள். வீசுகிறவன்தான் கண்மாய்க்குப் பொறுப்பாளி என்று நம் ஊரில் பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், அந்த ஆளுக்கும் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை, பொம்பளை எப்படி வீசுவாள் என்று விட்டுவிட்டார்கள்.

விடிந்ததும் நான் அப்பாவின் துண்டை வெயிலுக்குப் போடுகிற மாதிரி தலையில் போட்டுக்கொண்டு போனேன். கரை முழுக்க, மீனைக் கவிழ்த்துப் பிடிக்கிற ஊத்தாக்கூடையும் வலையுமாகச் சனம். மேனேஜர் மைக்கில் பேசிக்கொண்டே இருந்தார், முடிக்கிற வழியாயில்லை. நான் பாட்டுக்கு மடைமேல் ஏறி, “தண்ணிக்குள்ள எறங்குறோம், பிள்ளைகளப் பாத்துக்கய்யா” என்று அப்பா கேட்கிற மாதிரியே கேட்டுவிட்டு, துண்டை எடுத்து மூன்று சுற்றுச் சுற்றினேன் பார், கை யாருடையது என்று எவன் பார்த்தான், வெள்ளையைக் கண்டதும் அவ்வளவு பேரும் தொபீர் தொபீரென்று உள்ளே. மேனேஜர் கையில் மடிப்புக் கலையாத புதுத் துண்டோடு கரையில் நின்றார். அவர் பக்கத்தில் நின்ற உன் சித்தப்பாவும் ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு குதித்துவிட்டார்! சாயங்காலம் ஒரு விராலைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார், காகிதத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

மறுநாள் குவாரியிலிருந்து வேறு இரண்டு ஆட்கள் வண்டியில் வந்து காகிதத்தை நீட்டினார்கள். ஒருவன் குரலை உயர்த்தினான். எனக்குப் பயமில்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும், “எங்கிட்டக் கேக்குறீகளே, கருப்பருகிட்டக் கேட்டீகளா? அவரு சரின்னா நானும் சரி” என்றேன். சிரித்தார்கள். சிரிக்கட்டும். நேற்று கீழவீட்டுச் சோலையம்மாள் வந்து தான் போட்ட கையெழுத்தை எப்படி அடிப்பது என்று கேட்டாள். மே ஒன்றாம் தேதி கிராம சபையில் இரண்டு பேரும் எழுந்து, பாதைக்கு எங்களுக்குச் சம்மதமில்லை என்று சொல்லப்போகிறோம். என்னை உன் ஊருக்கு வந்து இருக்கச்சொல்லி இனிமேல் கூப்பிடாதே, நான் வரமாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, தலையை ஈரத்தோடு முடியாதே. அந்த ஊர் ஏரியில் கால் நனைக்குமுன் உடையவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள், தமிழில் கேட்டாலும் அவருக்குப் புரியும். கருப்பர் துணையில் நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

இந்த ஒரு காகிதத்தில் மட்டும் கையெழுத்துப் போடும் உன் அம்மா,
பே. ரெங்கம்மாள்